முதல் வடிப்பு மாமாவுக்கு

உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன் நான். வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியின் மேல்மாடியில், மின்விசிறி சுற்றுவதுபோல் பாவனை மட்டும் செய்யும் ஒரு மண்டபத்தில், காய்ச்சி வடிக்கும் உபகரணத்தை வெள்ளைப் பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். குடுவை, வெப்பமானி, சரிவாக ஓர் ஒடுக்கி, கீழே ஒரு கிண்ணம். என் ஒடுக்கி எப்போதும் வாழைக்காய் மாதிரித்தான் வரும். ஆனாலும் பாடம் திருத்தமாக இருக்கும்.

"கொதிநிலை குறைஞ்சது முதலில வரும். மெதனோல் முன்னுக்கு, எதனோல் பின்னுக்கு. முதலில வாறதை என்ன செய்ய வேணும்?"

"ஊத்திப்போட வேணும் சேர்!"

"எங்க?"

"சிங்குக்குள்ள சேர்!"

பின்வாங்கில் நித்திரை கொள்கிறவன்கூட எழும்பி இந்தப் பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் படுப்பான். அவ்வளவு வடிவாகப் படிப்பித்தவன், தன் வாழ்நாளில் முதன்முதலாக வடித்தபோது, அந்த முதல் வடிப்பைத் தன் மாமனாருக்கு ஊற்றிக் கொடுத்தான்.

கொரோனாக் காலம் அது. ஊரடங்கு திடீரென்று வந்தது. மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, நகரத்தின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் தனியாக இருப்பவர். சனி ஞாயிறு எங்களோடு நிற்கலாம் என்று ஒரு கைப்பையோடு வெள்ளவத்தைக்கு வந்தார். திங்கட்கிழமை போக வேண்டியவர். திங்கட்கிழமை காலி வீதி என்ற எங்கள் பெருந்தெருவில் காகம் மட்டும்தான் போனது. அதன் பிறகு வாரக்கணக்காக அவர் எங்கள் தொடர்மாடி வீட்டில் அகப்பட்டுக்கொண்டார்.

மாமா ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்வது, நீதவான் சொல்வதை அவனுக்குத் தமிழில் சொல்வது. வாழ்க்கை முழுக்க அதுதான் வேலை. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது என்பது அவருடைய பெருமை. ஒருவன் கூண்டில் நின்று நீதவானைத் தூசணத்தால் ஏசியபோது அதையும் பிசகாமல், மரியாதைப் பன்மை சேர்த்து மொழிபெயர்த்தாராம்.

அவருக்கு ஒரு கண்தான். வலது கண்ணைக் கண் அழுத்தம் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் இடது கண்ணுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்கனிக் கதிரையில் அண்ணாந்து இருந்து ஒரு சின்னப் போத்தலிலிருந்து மருந்துத் துளி விடுவார். அந்த நேரத்தில் யாரும் கதைக்கக்கூடாது. பூசை மாதிரி.

அதற்கு முன்னால் இன்னொரு பூசை உண்டு. மாலையில் இரண்டு விரல் உயரம் தென்னஞ் சாராயம். அதுக்கு மேலே ஒரு சொட்டும் இல்லை. அந்தப் போத்தல் கொட்டாஞ்சேனையில் அலுமாரிக்குள் இருந்தது. மாமா வெள்ளவத்தையில் இருந்தார். சாராயக் கடைகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். மனுசன் பொழுதுபடும்போது பல்கனியில் நின்று கொட்டாஞ்சேனைப் பக்கம் பார்ப்பார். கடல் பக்கம் சும்மா கிடக்கும்.

எனக்கும் நிலைமை பெரிய திறமில்லை. வகுப்புகள் நின்றுவிட்டன. குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, படம் வராத பிள்ளைகளுக்கு, சத்தம் கேட்காத ஒரு சேராக நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரமானால் நானும் பல்கனிக்குப் போய் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று அதே திசையைப் பார்ப்பேன்.

அப்போதுதான் மேல்வீட்டு ஹாஜியார் ஒரு பெட்டி அன்னாசி தந்தார். மொத்தப் பழம், மரக்கறி வியாபாரி. ஊரடங்கிலும் லொறி ஓட்டப் பாஸ் எடுத்திருந்தவர். அழுகுவதற்குள் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு பெட்டி கேட்டதும் முகக்கவசத்துக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"எனத்துக்கு சேர் இவ்வளவு அன்னாசி? ஊட்டுல மூணு பேர்தானே ஈக்கிறீங்க?"

"வினாகிரி போடப் போறன் ஹாஜியார்."

"நல்லம் நல்லம். வந்தாச் செல்லுங்க, எங்களுக்கும் ஒரு போத்தல்."

மனைவிக்கும் அதையேதான் சொன்னேன். சிங்குக்குக் கீழே வாளிக்குள் அன்னாசியும் சீனியும் ஈஸ்ட்டும் பொங்கிக்கொண்டிருந்தன. அவள் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"எனக்கு மூக்கிருக்கு."

"இல்லை, வினாகிரிக்கு முதல் கட்டம் இப்பிடித்தான்..."

"இஞ்சேருங்கோ, உங்கட பாடத்தைப் பிள்ளையளுக்குப் படிப்பியுங்கோ. அப்பான்ர முகத்தில கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. அதுக்காக வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறன்."

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது உண்மை. ஆனால் அவர் சட்டம் தெரிந்தவர். வாளியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நீதிமன்றக் குரலில் சொன்னார்.

"மருமகன், அனுமதியில்லாமல் வடிக்கிறது குற்றம். வடிச்சதை வைச்சிருக்கிறதும் குற்றம். வடிக்கிறதுக்கெண்டு சட்டி பானை வைச்சிருந்தாலும் குற்றம். விக்கேல்லை, வீட்டில குடிக்கத்தான் எண்டு எத்தினை பேர் அழுதிருக்கிறாங்கள். நான்தான் மொழிபெயர்த்தனான். ஒருத்தரையும் விடேல்லை."

"அப்ப விடுவம் மாமா. எல்லாத்தையும் ஊத்திப்போடுறன்."

"நான் சட்டத்தைச் சொன்னனான். விடச் சொல்லி எப்ப சொன்னனான்?"

ஒரு பின்னேரம் வேலை நடந்தது. மனைவி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தன் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். குக்கர் எங்கள் கலியாணத்துக்கு மாமாவே வாங்கித் தந்தது. நல்ல இந்தியக் குக்கர். மிச்ச உபகரணத்தை நான் விவரிக்கப்போவதில்லை. விவரித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். என் பலகைப் படத்தைவிடக் கேவலமாக இருந்தது.

மாமா அன்றைக்கு முகம் கழுவி, வேட்டி கட்டி, வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு குசினி மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வழக்குக் கூப்பிடக் காத்திருப்பவர்போல. குழாய் நுனியில் முதல் சொட்டுத் தொங்கியது. விழுந்தது. இன்னொன்று. நகப்பூச்சு மணம் அடித்தது. எனக்குத் தெரியும் அந்த மணம் என்னவென்று. மூளை சொன்னது, "சிங்குக்குள்ள சேர்!"

ஆனால் எங்கள் வீட்டில் எதுவானாலும் முதல் மாமாவுக்குத்தான். தேத்தண்ணி இறக்கினால் முதல் கோப்பை அவருக்கு. பொங்கினால் முதல் அகப்பை அவருக்கு. மீன் பொரித்தால் முதல் துண்டு அவருக்கு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் கை அப்படித்தான் பழகியிருந்தது. கை கிளாசைப் பிடித்தது, நிறைத்தது, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டியது. முதல் வடிப்பைக் கொட்டிவிட்டு இரண்டாவதை மாமாவுக்குக் கொடுப்பதா? அது மருமகன் செய்கிற வேலையா?

மாமா ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடினார்.

"கொஞ்சம் காரம். பரவாயில்லை. இனி நீரும் எடும்."

இரண்டாவது கிளாசை நான் எடுத்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. மருமகன் என்ற மரியாதை என்னைக் காப்பாற்றிவிட்டது. மாமன் என்ற மரியாதை அவரைக் கொண்டுபோய்விடப் பார்த்தது. இது எனக்கு அடுத்த நாள் காலையில்தான் விளங்கியது.

காலையில் மாமா ஓங்காளிக்கும் சத்தம் கேட்டு எழும்பினேன். வாந்தி. தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவர் கை செம்பைத் தேடித் தடவியது.

"மருமகன், லைட்டைப் போடும்."

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. போதாததற்கு யன்னலால் வெயில் அவர் முகத்திலேயே விழுந்திருந்தது.

"எல்லாம் புகையாக் கிடக்கு. குசினியில ஏதும் எரியுதே?"

மனைவி என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெதனோல் உடம்புக்குள் போனால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். போமிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தின்னும். உடனே தெரியாது, ஆறுதலாக, அடுத்த நாள்தான் தெரியும். சோதனையில் அடிக்கடி வருகிற கேள்வி. "இதைப் பாடமாக்கி வையுங்கோ, லேசாப் புள்ளி எடுக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தவன் நான். மனுசனுக்கு இருந்தது ஒரு கண். அதற்குள்தான் நான் புள்ளி எடுத்திருந்தேன்.

அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றார்கள். ஹாஜியார் கட்டிய சாரத்தோடு ஓடி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சேர், லொறி ஈக்கிது, வாங்க" என்றார். மாமாவை அவருக்குப் பக்கத்தில் முன்சீற்றில் ஏற்றினோம். நான் பின்னால் முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவில். வெறும் காலி வீதியில் லொறி பறந்தது. ஒரு பொலிஸ் தடையில் நிறுத்தினார்கள். பொலிஸ்காரர் மூட்டைகளுக்கு மேலே மூடியிருந்த படங்கைத் தூக்கிப் பார்த்தார். கோவாவுக்குள் முகக்கவசம் போட்ட ஒரு தலை. அந்தத் தலை அழுதுகொண்டிருந்ததால் கேள்வி கேட்காமல் படங்கை மூடிவிட்டார்.

கோவா மூட்டைகளுக்குள் இருந்து நான் என்னென்ன யோசித்தேன் என்று சொன்னால் வெட்கம். முதலில் மாமாவின் கண். அடுத்தது, சத்தியமாக அடுத்த நிமிடமே, என் தோல். ஆஸ்பத்திரியில் கசிப்பு, கள்ளச் சாராயம் என்று சொன்னால் அங்கேயே பொலிஸ் இருக்கும். வழக்கு. பெற்றோர் கேள்விப்படுவார்கள். "இரசாயனவியல் சேர் கசிப்புக் காய்ச்சினவராம்." எந்தத் தாய் இனி என்னிடம் பிள்ளையை அனுப்புவாள்? ரியூட்டரி வாசலில் இருக்கும் என் படத்தைக் கழற்றிவிடுவார்கள். அது நல்ல படம், அதில் எனக்கு முடி இருக்கிறது. பிறகு திரும்பவும் அந்தக் கண். கண்ணையும் படத்தையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு போனேன். அப்படிப்பட்ட மருமகன் நான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாமாவைத் தள்ளுவண்டியில் இருத்தினார்கள். சிங்களம் பேசும் இளம் டொக்டர். மூக்கு வாய் எல்லாம் மூடிக்கட்டி, இரண்டு முழம் தள்ளி நின்றார். எங்கள் வாயும் மூடியிருந்தது. அதனால் அவருக்கு ஒரு மணமும் பிடிபடவில்லை. என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்.

என் சிங்களம் தேங்காய் வாங்குகிற சிங்களம். இவ்வளவு காலமும் வெள்ளவத்தையில் அதை வைத்துத்தான் சமாளித்தேன். தேங்காயை விட்டால் நான் ஊமை. மாமாவிடம் குனிந்தேன்.

"மாமா, நேற்றுக் குடிச்சதைச் சொல்லுங்கோ. நான்தான் வடிச்சனான் எண்டும் சொல்லுங்கோ. முதல் வடிப்பு எண்டு கட்டாயம் சொல்லுங்கோ."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிலையிலும் குரல் மாறியது. நீதிமன்றச் சிங்களம், மணி மாதிரி. டொக்டரே ஒரு கணம் நேராக நின்றார். மாமா சொல்லச் சொல்ல டொக்டர் தலையாட்டினார். எனக்கு ஒரே ஒரு சொல் பிடிபட்டது.

"பரண மாளு."

பழைய மீன். எங்கள் வீட்டுக்குள் மீன் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லைக்கூட மாற்றாத மனுசன், எனக்காக மாற்றிவிட்டார். டொக்டர் துண்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். வாந்திக்கு மருந்து, வீட்டுக்குப் போங்கள். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"மாமா, என்ன சொன்னனீங்கள்?"

"பேசாம இரும். கசிப்பு வழக்கில ஒப்புக்கொண்டவன் தப்பினதை நான் காணேல்லை. நீர் படிப்பிக்கிற ஆள். என்ர பிள்ளையைப் பாக்க வேணும் நீர்."

"உங்கட கண் மாமா!"

"அது போறதெண்டா எப்பவோ போயிருக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்துச் சொன்னார். அதுதான் நான் என்று நினைத்துவிட்டார்.

நான் முகக்கவசத்தை இழுத்துக் கழற்றினேன். என்னிடமிருந்த சிங்களம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தேன்.

"டொக்டர்! மாமா பொரு கியனவா! மாளு நே! கசிப்பு! கெதர கசிப்பு! மம ஹெதுவா!"

மாமா பொய் சொல்கிறார், மீன் இல்லை, வீட்டுக் கசிப்பு, நான்தான் செய்தேன். இலக்கணம் இருந்ததோ தெரியாது. வரிசையில் நின்ற ஒருவர் பின்னால் விசிலடித்தார். அந்தக் காலத்தில் எங்கே சரக்கு இருக்கிறது என்று நாலு பேர் மத்தியில் கூவியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூலையில் மேசை போட்டிருந்த பொலிஸ்காரர் மெதுவாகத் தொப்பியை எடுத்துப் போட்டார்.

டொக்டர் துண்டைக் கிழித்தார். தள்ளுவண்டி ஓடியது. இரத்தம் எடுத்தார்கள். கண் டொக்டரைக் கூப்பிட்டார்கள். முறிமருந்தாகச் சுத்தமான எதனோல் கொடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்னார். படுத்திருந்த மாமா தலையைத் திருப்பினார்.

"அரசாங்கம் தருமாமே? முந்தியே சொல்லியிருக்கலாம்."

கண் டொக்டர் ஓர் அம்மா. தமிழ் தெரிந்தவர். மாமாவின் இமைக்கு மேல் விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். திரும்பவும் அழுத்தினார். ஏதோ கருவியை வைத்துப் பார்த்தார்.

"ஐயா, கண் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. துளிமருந்து கடைசியா எப்ப விட்டனீங்கள்?"



"ராவு ராவு விடுறவர் டொக்டர். நான் பாக்கிறனான்" என்றேன் நான்.

"முடிஞ்சு கனநாள்" என்றார் மாமா, கூரைக்கு. "மற்றப் போத்தல் கொட்டாஞ்சேனையில. ஊரடங்குக்குள்ள மருமகனை எங்க மருந்துக்கு அலையவிடுறது? பொலிஸ் பிடிச்சாலும்."

"பல்கனியில விட்டனீங்களே மாமா?"

"வெறும் போத்தல். பிள்ளை பாத்தாக் கவலைப்படும்."

மனுசன் சாராயத்துக்காகப் பல்கனியில் நின்று ஏங்கினார், கண் மருந்துக்காக வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு இரவும் அண்ணாந்து, வெறும் போத்தலைப் பிதுக்கி, இமையைச் சிமிட்டி, கைலேஞ்சியால் ஒற்றி, எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அதே நாட்களில் நான் குசினியில் அவருக்காகக் குற்றம் செய்துகொண்டிருந்தேன்.

இரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. என் முதல் வடிப்பு அவருக்கு வயிற்றைப் பிரட்டியிருக்கலாம், அவ்வளவுதான். வாந்தியும் தலையிடியும் புகையும் கண் அழுத்தம் ஏறியதால் வந்தவை. இன்னும் ஒரு நாள் வீட்டில் கிடந்திருந்தால் கண் போயிருக்கும் என்றார் அந்த அம்மா. எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அழுத்தத்தை இறக்கி, கண்ணைக் கட்டிவிட்டார்.

பொலிஸ்காரர் கட்டிலடிக்கு வந்தார். என் வாக்குமூலத்தை யார் மொழிபெயர்ப்பது? கட்டுப்போட்ட கண்ணோடு மாமாதான். நான் தமிழில் சொன்னேன். இந்த முறை அன்னாசியிலிருந்து குக்கர்வரை ஒரு சொல் விடாமல் சொன்னார். கடைசியில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்" என்று சிங்களத்தில் முடித்தார்.

"மாமா, நான் அதைச் சொல்லேல்லையே?"

"மன்னிக்கவேணும், பழக்கதோசம். ஆனா ஒப்புக்கொள்ளத்தானே போறீர்?"

குக்கரைப் பொலிஸ் கொண்டுபோனது. மனைவி அதற்குள் அதைக் கழுவிப் பருப்பு அவித்திருந்தாள். பருப்பை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தாளாம்.

மாமா வீட்டுக்கு வந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று. எங்களுக்குத்தான் நிம்மதி இல்லை. "தெரியுதே அப்பா?" என்றால் "வடிவாத் தெரியுது." "இது எத்தினை விரல்?" "அஞ்சு." அவள் காட்டியது இரண்டு. "சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்பார். கதவுநிலையில் தோள் இடிபடும். "கதவு ஒடுக்கம்" என்பார். வெறும் போத்தலைப் பிதுக்கிக் காட்டிய மனுசனின் எந்தச் சொல்லை நம்புவது? ஒவ்வொரு இரவும் நானே துளிமருந்தை விட்டேன். அந்தக் கண்ணுக்குள் குனிந்து பார்ப்பேன். அது என்னைப் பார்க்கிறதா, இருட்டைப் பார்க்கிறதா என்று தெரியாது. கேட்கவும் பயம்.

ஊரடங்கு எடுத்து நெடுநாள் கழித்து வழக்குக் கூப்பிட்டார்கள். வெளிக்கிடும்போது வாசலில் நின்றே மூன்றாவது தடவையாகத் தண்ணீர் கேட்டேன். சமையலில் நின்ற மனைவி ஓடி வந்து, "போங்கோ, போய் ஓமெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ" என்று முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள். மாமாவும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். பஸ்ஸில் அவர் கையைப் பிடித்து ஏற்றினேன்.

நான் கூண்டில் ஏறினேன். மேசையில் என் குக்கர், கழுத்தில் வழக்கு இலக்கத் துண்டு ஒன்று கட்டி. அதுவும் என்னைப்போல் தலை குனிந்து இருந்தது. மாமா கடைசி வாங்கில், சுவரோடு. புதிய மொழிபெயர்ப்பாளர், தாடி முளைக்காத முகம். என்னிடம் கேட்டார், நான் ஓம் என்றேன், அவர் அதைச் சிங்களமாக்கினார். தண்டம் கட்டச் சொன்னார்கள். இனிமேல் செய்யக்கூடாது என்றார்கள். செய்யமாட்டேன் என்றேன். அதை மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. குக்கர் திரும்பி வரவில்லை.

தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது மாமா படிக்கட்டில் நின்றார். முகம் கடுகடு என்று இருந்தது.

"அந்தப் பெடியன் 'வீட்டுப் பாவனைக்கு' எண்டதை விட்டுப்போட்டான்."

"போகட்டும் மாமா."

"அதை விடும். நீதிமன்றத்துக்கு வாற கோலமே இது? முதுகில மஞ்சள் கை. என்ர பிள்ளையின்ர கைதானே? கறிக்கு அரைச்ச கையோட தள்ளியிருக்கிறாள். நீதவானுக்கு முன்னுக்கு முழு நேரமும் அதைக் காட்டிக்கொண்டு நிண்டனீர்."

"எங்கயிருந்து பாத்தனீங்கள்?"

"எங்கயிருந்து பாக்கிறது? கடைசி வாங்கில இருந்துதான். சின்னவிரல் மட்டும் கொஞ்சம் தேஞ்சு கிடக்கு."

வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடை. அதன் கண்ணாடிக்கு முன்னால் போய் முதுகைத் திருப்பி, கழுத்தை முறித்துப் பார்த்தேன். மஞ்சள் கை. நாலு விரல் தெளிவாக, சின்னவிரல் தேய்ந்து.

கடைக்குள் நின்றவர்கள் ஏன் இந்த ஆள் தன் முதுகைப் பார்த்து அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். மாமா பின்னால் வந்து தோளைத் தட்டினார்.

"அழாதையும் மருமகன். மஞ்சள் கழுவினாப் போகும்."